ஊர்க்காசில் வளர்ந்த பள்ளிக்கூடம்

அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாலும் அதில் கல்வி என்ற சொல் வராது. பள்ளிக்கூடம் என்ற சொல்லும் வராது. 1787-இல் பிலடெல்பியாவில் கூடி அதை எழுதியவர்கள் படிப்பின் அருமை தெரியாதவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் காலத்தில் பள்ளி என்பது ஊர்க்காரியம், தேவாலயக் காரியம், குடும்பக் காரியம். நாட்டு அரசு அதில் தலையிட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. பிறகு வந்த பத்தாவது திருத்தம், மத்திய அரசுக்கு ஒப்படைக்கப்படாத அதிகாரமெல்லாம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்றது. மாநிலங்களோ கல்வியின் பெரும் பொறுப்பை மறுபடியும் ஊரின் தலையிலேயே ஏற்றிவிட்டன.

அந்த ஏற்பாட்டின் விளைவை இன்றும் பார்க்கலாம். அந்த நாட்டில் ஏறக்குறைய 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. நம் வருவாய் மாவட்டங்களைப் போல இவற்றைப் பெரிதாக எண்ணிவிடக் கூடாது. சில மாவட்டங்கள் நியூயார்க் நகரத்தைப் போல லட்சக்கணக்கான மாணவர்களைக் கொண்டவை. சில, ஒரே ஒரு பள்ளிக்கூடம் உள்ள சிற்றூர்கள். பெரும்பாலானவற்றில் மக்கள் வாக்களித்துப் பள்ளி வாரியத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாரியம் கண்காணிப்பாளரை நியமிக்கிறது, ஆசிரியர்களை வேலைக்கு எடுக்கிறது, வீட்டுக்கும் நிலத்துக்கும் எவ்வளவு வரி என்பதிலும் பல மாநிலங்களில் அதற்குப் பங்கு உண்டு. சுமார் ஐந்து கோடிப் பிள்ளைகள் இந்த அமைப்பில் படிக்கிறார்கள்.

இந்த உரை சொல்ல வருவது ஒன்றே. அமெரிக்கப் பொதுப்பள்ளியின் பெருமையும் அதன் அநீதியும் ஒரே வேரில் முளைத்தவை. ஊர் தன் காசைப் போட்டுத் தன் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் என்பதே அந்த வேர். ஊர் எங்கே முடிகிறது, அதன் பிள்ளைகள் யார் யார் என்ற கேள்விகளுக்காகத்தான் அங்கே முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் சில வேளை தெருவிலும் சண்டை நடந்திருக்கிறது.

தொடக்கம் மாசசூசெட்ஸில். 1647-இல் அந்தக் குடியேற்றத்தின் பொது மன்றம் ஒரு சட்டம் போட்டது. 50 குடும்பம் உள்ள ஊர், பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தர ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும். 100 குடும்பம் ஆகிவிட்டால் லத்தீன் கற்பித்துக் கல்லூரிக்கு அனுப்பக்கூடிய இலக்கணப் பள்ளி வைக்க வேண்டும். தவறினால் ஆண்டுக்கு ஐந்து பவுண்டு அபராதம். சாத்தான் மக்களை வேதம் அறியாதவர்களாக வைத்திருக்கப் பார்க்கிறான், அதைத் தடுக்க எழுத்தறிவு வேண்டும் என்பது பியூரிட்டன்கள் சட்டத்திலேயே எழுதிவைத்த காரணம். இன்றைய வாசகருக்கு அந்தக் காரணம் வியப்பாக இருக்கலாம். அதைவிட முக்கியமானது, ஆசிரியரின் சம்பளத்தை யார் தருவது என்று அந்தச் சட்டம் சொன்ன விதம். பெற்றோர் தரலாம், அல்லது ஊரார் எல்லோரும் சேர்ந்து தரலாம் என்று இரண்டு கதவையும் திறந்துவைத்தது. பிள்ளை இல்லாதவர் ஏன் அடுத்தவர் பிள்ளையின் படிப்புக்குப் பணம் தர வேண்டும் என்ற வழக்கு அன்றே தொடங்கிவிட்டது.

வர்ஜீனியாவில் தாமஸ் ஜெபர்சன் 1779-இல் கொண்டுவந்த மசோதா இன்னொரு முயற்சி. சுதந்திரக் குடிகளின் பிள்ளைகள், ஆணும் பெண்ணும், மூன்றாண்டு இலவசமாகப் படிக்க வேண்டும் என்றது. தோட்ட முதலாளிகள் நிறைந்த சட்டமன்றம் அதை நிறைவேற்றவில்லை. ஜெபர்சனின் சொந்தத் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்த மசோதாவிலேயே இடம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிறகு நிலம் வந்தது. 1785-ஆம் ஆண்டின் நில அளவைச் சட்டம் ஒஹையோ ஆற்றுக்கு மேற்கே இருந்த பரப்பைச் சதுரம் சதுரமாக வெட்டச் சொன்னது. ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். அதற்குள் ஒரு சதுர மைல் வீதம் 36 பிரிவுகள். அதில் 16-ஆம் பிரிவு, அதாவது 640 ஏக்கர், அந்த டவுன்ஷிப்பின் பள்ளிக்கு. ஊரே தோன்றாத இடத்தில், ஒரு குடிசைகூட எழும்பாத இடத்தில், பள்ளிக்கான நிலம் வரைபடத்தில் முதலிலேயே குறிக்கப்பட்டது. பிற்காலத்தில் சேர்ந்த மேற்கு மாநிலங்களுக்கு இரண்டு பிரிவுகளும், யூட்டா, அரிசோனா, நியூ மெக்சிகோ போன்றவற்றுக்கு நான்கு பிரிவுகளும் தரப்பட்டன. பல இடங்களில் அந்த நிலத்தை அடிமாட்டு விலைக்கு விற்றுத் தீர்த்தார்கள். எஞ்சிய இடங்களில் இன்றும் குத்தகைப் பணம் பள்ளிக்குப் போகிறது. ஊர் என்றால் பள்ளி இருக்கும், பள்ளிக்கு ஊரின் சொத்து இருக்கும் என்ற பழக்கம் இப்படித்தான் மண்ணில் இறங்கியது. அந்த மண் யாருடையது என்பதை மறந்துவிடலாகாது. அளவுச்சங்கிலி நீண்ட இடமெல்லாம் ஷானி, மயாமி, டெலவேர் போன்ற பூர்வகுடிகள் வாழ்ந்த இடம். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்த 640 ஏக்கரால் ஒரு பயனும் இல்லை. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, 1879-இல், பென்சில்வேனியாவின் கார்லைல் ஊரில் ரிச்சர்ட் பிராட் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிய உறைவிடப் பள்ளி பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக்கொண்டு போய், முடியை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழி பேசத் தடை விதித்தது. அந்தப் பள்ளியின் கல்லறைத் தோட்டத்தில் பிள்ளைகள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.

இந்தக் கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. சிறிய பங்குதான், ஆனாலும் உண்மையானது.

எழும்பூரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதி ஒன்று இருந்தது. 1789-இல் அதன் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரு பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், தமிழ்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தம் விடுதியில் புகுத்தச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் இணங்கவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும்படி பெல் ஏவினார். அவன் நன்றாகவே கற்பித்தான். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை செய்துவந்த வேலை அது. தாயகம் திரும்பிய பெல் 1797-இல் இந்தச் சோதனையைப் பற்றிப் புத்தகம் போட்டார். இங்கிலாந்தில் அதற்குச் சென்னை முறை என்றே பெயர் வழங்கியது. லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்ற குவேக்கர் இளைஞர் இதையொத்த முறையில் பெரிய பள்ளி நடத்தினார். யார் முதலில் கண்டது என்று இருவருக்கும் பின்னால் தீராத சச்சரவு.

லங்காஸ்டரின் முறை கப்பலேறி நியூயார்க் போனது. 1805-இல் அந்நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளிச் சங்கம் ஒன்று தொடங்கியது. நகர மேயர் டி விட் கிளிண்டன் அதன் தலைவர். 1806-இல் திறந்த அதன் முதல் பள்ளியே லங்காஸ்டர் முறையில் நடந்தது. ஒரு பெரிய கூடம், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், ஒரே ஆசிரியர். அவர் மூத்த மாணவர்களுக்குச் சொல்லித்தருவார், அவர்கள் வரிசை வரிசையாக இளையவர்களுக்குச் சொல்லித்தருவார்கள். தொடக்க நிலைப் பிள்ளைகள் மணற்பலகையில் எழுதினார்கள். செலவு மிகக் குறைவு என்பதுதான் கிளிண்டன் போன்றவர்களை இழுத்தது. லங்காஸ்டரே 1818-இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். 1838-இல் நியூயார்க் தெருவில் குதிரை வண்டி மோதி இறந்தார். அதற்குள் அவருடைய முறைக்கும் மவுசு போய்விட்டது. கிளிப்பிள்ளைப் படிப்பு என்று பெற்றோர் குறை சொன்னார்கள். ஆனால் பெரிய நகரத்தில் ஏழைக் குழந்தைகள் அத்தனை பேரையும் ஓர் அமைப்புக்குள் கொண்டுவர முடியும், பிள்ளைகளைத் தரம் பிரித்து அமர்த்த முடியும் என்று அது காட்டிவிட்டது. நகரப் பள்ளிகளின் முதல் சட்டகம் அது.

அடுத்து வந்தவர் ஹொரேஸ் மான். அவர் மாசசூசெட்ஸ் மேலவையின் தலைவர். நல்ல வழக்கறிஞர். 1837-இல் மாநிலக் கல்வி வாரியம் புதிதாக அமைந்தபோது, அரசியலில் மேலே போகும் வாய்ப்பை உதறிவிட்டு அதன் செயலாளரானார். அந்தப் பதவிக்கு ஒரு பள்ளியை மூடவோ திறக்கவோ அதிகாரம் இல்லை. விவரம் திரட்டலாம், அறிக்கை எழுதலாம், அவ்வளவுதான். மான் குதிரையில் ஊர் ஊராகப் போனார். ஒழுகும் கூரைகளையும் விறகில்லாத அடுப்புகளையும் முதுகு சாய இடமில்லாத பெஞ்சுகளையும் கண்டு எழுதினார். பணக்காரர் தம் பிள்ளைகளைத் தனியார் அகாடமிகளுக்கு அனுப்பிவிட்டு ஊர்ப்பள்ளியைக் கைவிடுகிறார்கள் என்பதுதான் அவருடைய பெரிய கவலை. செல்வர் வீட்டுப் பிள்ளையும் கூலிக்காரர் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால்தான் குடியரசு நிற்கும் என்று 12 ஆண்டறிக்கைகளில் விடாமல் வாதாடினார்.

1839-இல் லெக்ஸிங்டனில் நாட்டின் முதல் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி திறந்தது. முதல் நாள் வந்தவர்கள் மூன்று பெண்கள். ஆசிரியத் தொழில் பெண்களின் கைக்கு மாறியதன் முன்னோடிகள் என்று அவர்களைச் சொல்லலாம். கல்வியாளர் கேத்தரின் பீச்சர் போன்றோர் இதைப் பெண்ணின் உயர்ந்த கடமையாகப் போற்றினார்கள். ஊர்ச் சபைகளுக்கோ, ஆணுக்குத் தரும் சம்பளத்தில் பாதிக்கும் கீழே கொடுத்தாலும் பெண் வருவாள் என்பது கணக்கு. 1900-இல் பொதுப்பள்ளி ஆசிரியர்களில் பத்தில் ஏழு பேர் பெண்கள். அமெரிக்க இலவசக் கல்வி மலிவாகக் கட்டி எழுப்பப்பட்டதற்கு அந்தப் பெண்களின் குறைந்த கூலி ஒரு பெரிய காரணம். வரலாற்று நூல்கள் மானுக்குத் தரும் இடத்தில் பாதியையாவது அவர்களுக்குத் தர வேண்டும்.

இலவசம் என்பதும் எளிதில் வரவில்லை. பல மாநிலங்களில் பிள்ளை எத்தனை நாள் பள்ளிக்கு வந்ததோ அத்தனை நாளுக்குப் பெற்றோரிடம் கட்டணம் வாங்கினார்கள். நியூயார்க் மாநிலம் அதை ஒழித்தது 1867-இல்தான். பென்சில்வேனியாவில் 1834-இல் வந்த இலவசப் பள்ளிச் சட்டத்தை, வரி கட்ட மனமில்லாதவர்கள் மறு ஆண்டே நீக்கப் பார்த்தார்கள். மேலவை அதற்கு இசைந்தும்விட்டது. கீழவையில் 1835 ஏப்ரல் 11 அன்று எழுந்து பேசியவர் தாடியஸ் ஸ்டீவன்ஸ். பிறவியிலேயே கால் ஊனம். வறுமையில் வளர்ந்தவர். தாய் உழைத்துப் படிக்கவைத்தவர். ஏழைகளுக்கு மட்டும் தருமப் பள்ளி என்றால் அது ஏழையின் நெற்றியில் முத்திரை குத்துவதாகும், எல்லோருக்கும் பொதுவான பள்ளிதான் வேண்டும் என்பது அவர் வாதம். அன்று சட்டம் பிழைத்தது. முப்பதாண்டு கழித்து, உள்நாட்டுப் போர் முடிந்தபின், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களுக்குச் சம உரிமை தரும் பதினான்காவது திருத்தத்துக்காகப் போராடியவர்களில் முன்னணியில் நின்றவரும் அதே ஸ்டீவன்ஸ்தான். அந்தத் திருத்தம் இந்த உரையில் மறுபடியும் வரும்.

பொதுப்பள்ளி உண்மையில் எல்லோருக்கும் பொதுவா என்று முதலில் உரக்கக் கேட்டவர்கள் கத்தோலிக்கர்கள். அயர்லாந்திலிருந்து வந்து குவிந்த ஏழைகள் அவர்கள். பள்ளியில் வாசித்ததோ புராட்டஸ்டன்ட் பைபிள். பாடப் புத்தகங்களில் போப்பாண்டவரைப் பழிக்கும் பகுதிகள் வேறு. நியூயார்க்கில் ஆயர் ஜான் ஹியூஸ் 1840-இல் பொதுப்பணத்தில் தங்களுக்கும் பங்கு கேட்டார். கிடைக்கவில்லை. ஆனால் அந்தச் சச்சரவின் முடிவில் 1842-இல் தேர்தலில் வரும் கல்வி வாரியம் நகரத்துக்கு அமைந்தது. கிளிண்டன் தலைமையில் தொடங்கிய பழைய சங்கம் 1853-இல் அதில் கரைந்தது. பிலடெல்பியாவில் 1844-இல் இதே பைபிள் விவகாரம் கலவரமாக வெடித்து, தேவாலயங்கள் எரிந்தன, உயிர்கள் போயின. 1884-இல் பால்டிமோரில் கூடிய ஆயர்கள் ஒவ்வொரு தேவாலயப் பங்கிலும் கத்தோலிக்கப் பள்ளி இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். சொந்தப் பணத்தில் பெரிய இணைப் பள்ளி அமைப்பு எழுந்தது அப்படித்தான்.

ஊர்க்காசின் வல்லமை முழுவதும் தெரிந்தது ஹைஸ்கூல் விஷயத்தில். மிச்சிகனின் கலமசூ ஊரில், ஹைஸ்கூலுக்கு வரிப்பணத்தைச் செலவிடக் கூடாது என்று சிலர் வழக்குப் போட்டார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தால் போதாதா, லத்தீனும் பிரெஞ்சும் ஊரார் செலவிலா என்பது அவர்கள் கேள்வி. 1874-இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி தாமஸ் கூலி, ஊர் விரும்பி வரி போட்டால் ஹைஸ்கூல் நடத்தலாம் என்று தீர்ப்பளித்தார். பிற மாநிலங்களும் அதைப் பின்பற்றின. பிறகு நடந்தது உலகில் வேறெங்கும் நடக்காதது. 1910-இல் பதினெட்டு வயதினரில் நூற்றுக்கு ஒன்பது பேர்தான் ஹைஸ்கூல் முடித்தவர்கள். 1940-இல் ஏறக்குறைய பாதிப் பேர். ஐரோப்பா அன்றைக்குப் பதினான்கு வயதுப் பிள்ளைகளைத் தேர்வு வைத்துச் சலித்து, பெரும்பாலோரை வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இதற்கு வாஷிங்டனிலிருந்து எந்த ஆணையும் போகவில்லை. அயோவா, நெப்ராஸ்கா, கான்சஸ் போன்ற சமவெளி மாநிலங்களின் சின்னச் சின்ன ஊர்கள் இதில் முன்னே ஓடின. பக்கத்து ஊரில் ஹைஸ்கூல் இருந்தால் நம் ஊரிலும் வேண்டும் என்று விவசாயிகள் கூடி, வாக்களித்து, தம் நிலத்துக்குத் தாமே வரி போட்டுக்கொண்டார்கள். பொருளியலாளர் கிளாடியா கோல்டின் தம் கணவர் லாரன்ஸ் காட்ஸுடன் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கா பெற்ற செல்வத்துக்கு இந்த ஹைஸ்கூல்கள் முக்கியக் காரணம் என்பது அவர்கள் முடிவு.

இடையில் ஒரு செய்தி. அமெரிக்கப் பள்ளிகளின் நீண்ட கோடை விடுமுறை, பிள்ளைகள் வயலில் வேலை செய்வதற்காக வந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. விதைப்பு வசந்தத்தில், அறுவடை இலையுதிர் காலத்தில். அதனால் கிராமப் பள்ளிகள் பழைய நாளில் குளிர்காலத்திலும் நடுக்கோடையிலும்தான் நடந்தன. பெரிய நகரங்களிலோ ஆண்டின் பெரும்பகுதி பள்ளி திறந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டையும் ஒரே நாட்காட்டிக்குள் கொண்டுவந்தபோது பிறந்தது இன்றைய கோடை விடுமுறை.

இனி வருவது கனமான பகுதி.

தென் கரோலினா 1740-லேயே அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதைக் குற்றமாக்கியது. 1831-இல் நாட் டர்னர் என்ற அடிமை நடத்திய கலகத்துக்குப் பிறகு தெற்கு மாநிலங்கள் இத்தகைய சட்டங்களை இன்னும் இறுக்கின. படிப்பு எவ்வளவு ஆபத்தானது என்று அடிமை முதலாளிகளுக்குத் தெரிந்திருந்தது. அது எவ்வளவு அருமையானது என்று அடிமைகளுக்கும் தெரிந்திருந்தது. உள்நாட்டுப் போர் முடிந்தவுடன் தாத்தாவும் பேரனும் ஒரே அரிச்சுவடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். 1868-இல் தென் கரோலினாவின் புதிய அரசியலமைப்பை எழுதிய அவையில் கறுப்பினத்தவர் பெரும்பான்மை. அடிமையாகப் பிறந்து, போரின்போது எதிரிக் கப்பலையே ஓட்டிக்கொண்டு தப்பிய ராபர்ட் ஸ்மால்ஸ் அந்த அவையில் இருந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பொதுப்பள்ளி வேண்டும் என்றார். தெற்கில் வெள்ளை ஏழைகளின் பிள்ளைகளுக்கும் முறையான பொதுப்பள்ளி கிடைத்தது இந்தக் கறுப்பினச் சட்டமன்றத்தினரால்தான். இந்த உண்மைக்கு உரிய மரியாதை இன்னும் கிடைக்கவில்லை.

1877-க்குப் பின் ஆட்சி பழையவர்கள் கைக்குத் திரும்பியது. பள்ளிகள் இரண்டாகப் பிரிந்தன. பிரிப்புக்கு வடக்கிலிருந்தே ஒரு முன்மாதிரி கிடைத்தது என்பது வருத்தமான செய்தி. பாஸ்டனில் ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி சாரா ராபர்ட்ஸ், வீட்டருகே உள்ள பள்ளிகளைக் கடந்து தொலைவில் உள்ள தனிப் பள்ளிக்குப் போக வேண்டியிருந்ததை எதிர்த்து அவள் தந்தை தொடுத்த வழக்கு தோற்றது. மாசசூசெட்ஸ் 1855-இல் சட்டம் போட்டு அந்தப் பிரிவினையை நீக்கியது. ஆனால் 1896-இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் பிரிவினையை ஏற்றபோது அந்தப் பழைய பாஸ்டன் தீர்ப்பைத்தான் துணைக்கு இழுத்தது.

கறுப்பின மக்களும் வரி கட்டினார்கள். அந்தப் பணம் பெரும்பாலும் வெள்ளையர் பள்ளிக்குப் போனது. ஆகவே அவர்கள் இரண்டாம் முறையும் கொடுத்தார்கள். சியர்ஸ் நிறுவனத்தின் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்டும் டஸ்கிகீ கல்வி நிலையத்தின் புக்கர் டி. வாஷிங்டனும் சேர்ந்து தொடங்கிய திட்டத்தில் 1932 வரை 15 மாநிலங்களில் 5,000 பள்ளிகளுக்குச் சற்றே குறைவாகக் கட்டினார்கள். ஊரார் தம் பங்கைத் திரட்டினால்தான் ரோசன்வால்டின் பணம் வரும் என்பது நிபந்தனை. குத்தகை விவசாயிகள் பருத்தி விற்ற காசைத் தந்தார்கள், மரம் வெட்டித் தந்தார்கள், கோழி வளர்த்து விற்றுத் தந்தார்கள். கூட்டிப் பார்த்தால் ரோசன்வால்டு கொடுத்தது 43 லட்சம் டாலருக்கு மேல், கறுப்பின மக்கள் கொடுத்தது 47 லட்சம் டாலர். கொடையாளர் பெயரால் அழைக்கப்படும் அந்தப் பள்ளிகளில் ஏழைகளின் பங்கு கோடீஸ்வரரின் பங்கைவிடப் பெரிது.

வர்ஜீனியாவின் ஃபார்ம்வில் ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான மோட்டன் ஹைஸ்கூல் 180 மாணவர்களுக்குக் கட்டியது. 1951-இல் அதில் 450-க்கும் மேற்பட்டவர்கள். மிச்சப் பேருக்குத் தார்க்காகிதம் போர்த்திய கொட்டகை. ஏப்ரல் 23 அன்று பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி முன்னின்று பள்ளி முழுவதையும் வேலைநிறுத்தத்துக்கு அழைத்துச் சென்றாள். அதிலிருந்து பிறந்த வழக்கும் வேறு நான்கு வழக்குகளும் சேர்ந்துதான் பிரவுன் வழக்கு. 1954 மே 17 அன்று தலைமை நீதிபதி ஏர்ல் வாரன், பதினான்காவது திருத்தத்தின்படி பிரித்து நடத்தும் பள்ளி சமமாக இருக்க முடியாது என்று ஒருமனதான தீர்ப்பைப் படித்தார். ஃபார்ம்வில் அமைந்த பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டி என்ன செய்தது? பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைப்பதைவிடப் பள்ளியே வேண்டாம் என்று 1959-இல் எல்லாப் பொதுப்பள்ளிகளையும் பூட்டியது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் அகாடமி எழுந்தது. கறுப்பினப் பிள்ளைகளில் பலர் 1964 வரை ஐந்தாண்டு பள்ளியையே பார்க்கவில்லை. ஊருக்குப் பள்ளி நடத்தும் அதிகாரம் இருந்தால் நடத்தாமல் இருக்கும் அதிகாரமும் உண்டு என்று அந்தக் கவுன்டி வாதாடியது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆனால் போன ஐந்தாண்டுகள் அந்தப் பிள்ளைகளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

சட்டம் வென்றும் நடைமுறை அசையவில்லை. 1964-இல் தெற்கின் கறுப்பினப் பிள்ளைகளில் வெள்ளையரோடு சேர்ந்து படித்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவே. அசைத்தது பணம். அந்த ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம், பாகுபாடு காட்டும் நிறுவனத்துக்கு மத்திய அரசின் பணம் கிடையாது என்றது. அடுத்த ஆண்டு ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளுக்குப் பெருந்தொகை ஒதுக்கும் சட்டத்தைக் குடியரசுத் தலைவர் லின்டன் ஜான்சன் கொண்டுவந்தார். டெக்சாஸில் தாம் சின்னப் பிள்ளையாகப் படித்த ஓரறைப் பள்ளியின் முன்னே, தம் முதல் ஆசிரியை கேட் லோனியைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு அவர் கையெழுத்திட்டார். இளம் வயதில் கொட்டுல்லா என்ற ஊரில் மெக்சிகோ வம்சாவளி ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர் அவர். கையெழுத்திட்ட நாள் 1965 ஏப்ரல் 11. தாடியஸ் ஸ்டீவன்ஸ் பென்சில்வேனியாவில் பேசிய நாளிலிருந்து சரியாக 130 ஆண்டுகள். பணமும் அதைத் தடுக்கும் மிரட்டலும் சேர்ந்தபோது தெற்கு சில ஆண்டுகளிலேயே மாறத் தொடங்கியது. ஆனாலும் மத்திய அரசின் பங்கு இன்றுவரை மொத்தப் பள்ளிச் செலவில் பத்தில் ஒரு பங்கு அளவிலேயே நிற்கிறது. மீதியை மாநிலமும் ஊரும் தாங்குகின்றன. ஊரின் பங்கு பெரும்பாலும் சொத்து வரி.

அந்தச் சொத்து வரியை நேருக்கு நேர் எதிர்த்த வழக்கு டெக்சாஸின் சான் அன்டோனியோவிலிருந்து வந்தது. 1968 மே மாதம் எட்ஜ்வுட் ஹைஸ்கூலில் சுமார் 400 மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறினார்கள். ஜன்னல் உடைந்த கட்டடம், தகுதிச் சான்று இல்லாத ஆசிரியர்கள். பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். நீதிமன்றத்தில் வைத்த கணக்கைப் பார்த்தால் நிலைமை விளங்கும். எட்ஜ்வுட் மாவட்டத்தில் ஒரு மாணவருக்கு நிகரான சொத்து மதிப்பு 5,960 டாலர். அதே நகரத்தின் செல்வர் பகுதியான அலமோ ஹைட்ஸில் 49,000 டாலருக்கு மேல். எட்ஜ்வுட் மக்கள் சொத்து மதிப்பில் 100 டாலருக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அலமோ ஹைட்ஸில் 85 சென்ட். கூடுதல் வரி கட்டிய எட்ஜ்வுட்டில் பிள்ளை ஒன்றுக்குச் செலவிட முடிந்தது 356 டாலர். குறைந்த வரி கட்டிய அலமோ ஹைட்ஸில் 594 டாலர். 1973-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், கல்வி அரசியலமைப்புச் சட்டம் உறுதியளித்த அடிப்படை உரிமை அல்ல, இந்த ஏற்பாட்டில் நாங்கள் தலையிட மாட்டோம் என்றது. பிரவுன் வழக்கில் வாதாடி வென்று, பின்பு அதே நீதிமன்றத்தில் நீதிபதியான தர்குட் மார்ஷல் கடுமையாக மறுத்து எழுதினார். மறு ஆண்டு டிட்ராய்ட் வழக்கில், நகரத்தையும் அதைச் சுற்றிய 53 புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் சேர்த்துப் பிள்ளைகளைக் கலந்து படிக்கவைக்கும் திட்டத்தை அந்த நீதிமன்றம் நிராகரித்தது. மாவட்ட எல்லை மதில் ஆகிவிட்டது. கறுப்பினப் பிள்ளைகள் எல்லைக்கு இந்தப் பக்கம், வரிப்பணம் அந்தப் பக்கம்.

இந்த இரண்டு தீர்ப்புகளும் பிரவுன் தீர்ப்பு கட்டிய வீட்டின் கூரையைப் பிரித்துவிட்டன என்பதே இந்த உரையின் துணிவு. பின்னால் வந்த சீர்திருத்தங்கள் பலவும் அந்த மதிலைத் தொடாமல் வேறு வேலை பார்த்தவை. 1983-இல் நாடு ஆபத்தில் என்று அறிக்கை வந்தது. 1991-இல் மினசோட்டா, பொதுப்பணத்தில் தன்னாட்சியாக நடக்கும் சார்ட்டர் பள்ளிகளுக்கு வழிவிட்டது. 2002-இல் நாடெங்கும் ஆண்டுதோறும் தேர்வு கட்டாயமானது. எட்ஜ்வுட் பிள்ளையையும் அலமோ ஹைட்ஸ் பிள்ளையையும் ஒரே கோலால் அளந்தார்கள், அவர்களுக்குக் கிடைத்ததைச் சமமாக்கவில்லை. நல்லது நடக்கவே இல்லை என்றும் சொல்லக் கூடாது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குப் பொதுப்பள்ளியில் உரிய கல்வி தர வேண்டும் என்ற 1975-ஆம் ஆண்டுச் சட்டம் லட்சக்கணக்கானோரின் வாழ்வைத் திருப்பியது. குடியேற்ற ஆவணம் இல்லாத குடும்பத்துப் பிள்ளையையும் பள்ளி மறுக்க முடியாது என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் ஒரு டெக்சாஸ் வழக்கில்தான்.

வாஷிங்டன் கதவை அடைத்தபின் சண்டை மாநில நீதிமன்றங்களுக்குப் போனது. மாநில அரசியலமைப்புகளில் கல்வி என்ற சொல் இருக்கிறது. எட்ஜ்வுட் மக்களே 1989-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றத்தில் ஒருமனதான வெற்றி பெற்றார்கள். செல்வ மாவட்டத்தின் வரியில் ஒரு பகுதியை ஏழை மாவட்டத்துக்கு மாற்றும் சட்டம் 1993-இல் வந்தது. 16-ஆம் பிரிவு நிலத்தை முதலில் கண்ட ஒஹையோவில், சொத்து வரியை நம்பிப் பள்ளி நடத்துவது மாநில அரசியலமைப்புக்கு முரண் என்று 1997-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2000-இலும் 2002-இலும் திரும்பச் சொன்னது. சட்டமன்றம் அசையவில்லை. 2011-இல் அதே மாநிலத்தில் ஒரு கறுப்பினத் தாய், தம் தந்தையின் முகவரியைக் காட்டித் தம் பெண் பிள்ளைகளைப் பக்கத்து மாவட்டத்தின் நல்ல பள்ளியில் சேர்த்ததற்காகச் சிறை சென்றார். அவருடைய குற்றத்தின் கடுமையை ஆளுநர் பின்னர் குறைத்தார். ஒரு மாவட்டத்தில் பிள்ளையைப் படிக்கவைக்க உண்மையில் எவ்வளவு செலவாகும் என்று கணக்கிட்டு, அந்த ஊரின் சொத்தோடு மக்களின் வருமானத்தையும் பார்த்து, எஞ்சியதை மாநிலம் தரும் புதிய முறையை ஒஹையோ சட்டமன்றம் 2021-இல்தான் ஏற்றது. ஆறு ஆண்டுகளில் படிப்படியாக நிறைவேற்றுவது திட்டம். ஒவ்வொரு இரண்டாண்டு வரவுசெலவுத் திட்டத்திலும் அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்று அங்கே ஆசிரியர்களும் பெற்றோரும் சட்டமன்றத்தின் வாசலில் நின்று கேட்க வேண்டியிருக்கிறது.